வினிபிரட் கேட்ட பேஸ் சத்தம்

உடுவில்.
வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு.

என் அருமை மச்சான் ஜெபரட்ணத்திற்கு, உமது அத்தான் ஏர்னெஸ்ட் எழுதிக்கொள்வது.

ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நான் சுகம், உமது அக்கா வினிபிரட் என்னைவிடச் சுகம், நீர் கனடாவிலிருந்து கப்பலில் போட்டு அனுப்பிய பேஸ் அம்பிளிபயர் எங்கள் இருவரையும்விடச் சுகம். அங்கே ஸ்காபரோவில் நீரும் பிள்ளைகளும் பனியில் வழுக்காமலும் முழங்கால் நோகாமலும் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் ஜெபத்தில் உங்களை நினைக்கிறோம். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீர் யோசிப்பீர். எங்கள் இருவருக்கும் ஒரே போன்தான், உமது அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டு, குசினி மேசையில் மா அரிதட்டில் சாய்த்து வைத்துத்தான் கதைப்பார், வருகிற எழுத்தையும் அவர்தான் முதலில் வாசிப்பார் என்பது உமக்குத் தெரியும். நான் எழுதப்போகும் விஷயம் அவர் காதில் விழவே கூடாது. பக்கத்து வீட்டு ஏரம்பு அண்ணையின் பேத்தி கஜந்தினி நாளைக்கு ரொறன்ரோவுக்குத் திரும்புகிறாள். உமக்கென்று அக்கா கட்டுகிற மிளகாய்த்தூள் பொதிக்குள் இந்தக் கடிதமும் வரும். தும்மிக்கொண்டே வாசியும்.

விஷயம் இதுதான். அடுத்த கிழமை சனிக்கிழமையோடு எங்களுக்குக் கலியாணம் நடந்து ஐம்பது வருஷம். பின்னேரம் நாலு மணிக்குப் போதகர் வந்து நன்றி ஆராதனை நடத்துவார். முற்றத்தில் பந்தல், சின்ன மேடை, நாற்பது கதிரை, கேக், சோடா எல்லாம் ஒழுங்கு. ஆராதனை முடிந்ததும் நான் எழும்பி, என்னுடைய பழைய பேஸ் கிற்றாரைத் தோளில் கொளுவிக்கொண்டு, ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நாலில் சாவகச்சேரி கார்னிவலில் வாசித்த அதே மெட்டை, அதே சத்தத்தில், வினிபிரட்டுக்கு முன்னால் வாசிக்கப்போகிறேன். மெட்டு விரலிலேயே இருக்கிறது, அதற்குக் குறையில்லை. சத்தம் எங்கே போய்த் தொலைந்தது என்றுதான் ஏழு கிழமையாகத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அந்தச் சத்தம் எனக்கு ஏன் இவ்வளவு பெரிசு என்று உமக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. வெட்கம். எழுபத்தாறு வயதுக்குப் பிறகு என்ன வெட்கம், சொல்லிவிடுகிறேன். அப்போது நான் நில அளவைத் திணைக்களத்தில் சேவையராகப் புதிதாகச் சேர்ந்தவன், சனி ஞாயிறுகளில் 'வடலி பாய்ஸ்' இசைக்குழுவில் பேஸ் வாசிப்பவன். கார்னிவல் முடிந்து இரண்டு மாதத்தில் கலியாணம் பேசி உங்கள் வீட்டுக்கு வந்தோம். வினிபிரட் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து நின்றார். சமையல் தெரியுமா, தையல் தெரியுமா என்று கேட்க வேண்டிய நேரத்தில், எங்கள் ஐயாவும் உங்கள் ஐயாவும் பார்த்துக்கொண்டிருக்க, "சாவகச்சேரிக் கார்னிவலிலை நான் பேஸ் வாசிச்சதை நீர் கேட்டனீரோ?" என்று நான் கேட்டுவிட்டேன். எங்கள் ஐயா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். வினிபிரட் நிலத்தைப் பார்த்தபடி, "ஓம், கேட்டனான். தம்பியோடை வந்தனான். நல்லாயிருந்தது" என்றார். அதே மாதம் உமது அக்காவுக்கு ஒரு டொக்டர் மாப்பிள்ளையும் பேசி வந்தது நினைவிருக்கும். அவரிடம் கார் இருந்தது. என்னிடம் ஒரு சைக்கிளும் திணைக்களத்துக்குச் சொந்தமான மூன்று கால் அளவைக் கருவியும் இருந்தன. அக்கா என்னைத்தான் கேட்டார். ஏன்? மச்சான், என் முகத்தை நீர் பார்த்திருக்கிறீர். அந்தப் பேஸ் சத்தத்தைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. ஐம்பது வருஷமாக அந்த ஒரு "ஓம், கேட்டனான்" மேல்தான் நான் சாய்ந்துகொண்டிருக்கிறேன்.

கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பு எங்கள் பாட்டுக்காரன் லண்டனுக்கு ஓடிவிட்டான், குழு கலைந்தது, அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை, அம்பிளிபயரும் மூலையில் கிடந்தது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, உமது அக்கா தன் தையல் மெசினை விட்டுவிட்டுக் கிற்றாரைத் தூக்கிச் சைக்கிளில் கட்டினார். அம்பிளிபயரைக் கட்ட இடமில்லை. திரும்பி வந்தபோது அம்பிளிபயரும் இல்லை, அது இருந்த அறைக்குக் கூரையும் இல்லை. பிறகு ஆசை வந்தால் கரண்ட் இல்லாமல் வெறும் கம்பிச் சத்தத்தில் வாசிப்பேன். கொசு பாடுவதுபோல் இருக்கும். ஐம்பதாவது வருஷத்துக்கென்று நீர் அம்பிளிபயர் அனுப்புகிறேன் என்றதும் எனக்கு இருபத்தைந்து வயது திரும்பிவிட்டது. பெட்டி வந்திறங்கிய நாள் நான் முற்றத்தில் ஓடினேன், மச்சான். ஓடி நான்கு வருஷம் ஆகியிருந்தது.

இனி நடந்ததைக் கேளும். உமது கனடா அம்பிளிபயர் நூற்றுப்பத்து வோல்ட் கரண்டில் வளர்ந்த பிள்ளை. எங்கள் சுவரில் இருப்பது இருநூற்று முப்பது. இதை நான் வாசிக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் நிலத்தின் எல்லைக்கல்லை அங்குலம் பிசகாமல் வைத்தவன், அம்பிளிபயரின் முதுகில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. ஏரம்பு அண்ணை வேடிக்கை பார்க்க வந்து பக்கத்தில் குந்தியிருந்தார், வினிபிரட் ஒரு சின்ன ஜெபம் சொன்னார், நான் பிளக்கைச் செருகினேன். "பொட்" என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. "நல்ல சத்தம்தான் சேவையர், ஆனால் கட்டையாய் முடிஞ்சு போச்சு" என்றார் ஏரம்பு அண்ணை. நான் தலையில் கைவைத்து நிலத்தில் இருந்துவிட்டேன். பிறகு மருதனார்மடத்தில் ஒலி ஒளி அமைப்பு வைத்திருக்கும் சிவதர்ஷனைக் கூட்டிவந்தோம். அவர் பின்பக்கத்தைக் கழற்றி, பியூஸ் தன் உயிரைக் கொடுத்து மற்றதையெல்லாம் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லி, புது பியூஸ் போட்டு, கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற ஒரு ட்ரான்ஸ்போமரையும் கொண்டுவந்து வைத்தார். அது பாண் பெட்டி அளவு. சும்மா இருக்கும்போதே "ம்ம்ம்" என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

அம்பிளிபயரின் நெற்றியில் ஆறு குமிழ்கள். பேஸ், இரண்டு வகை மிடில், ட்ரெபிள், முன்னுக்கு ஒரு சத்தக் குமிழ், பின்னுக்கு ஒரு சத்தக் குமிழ். எங்கள் பழைய அம்பிளிபயரில் இரண்டு குமிழ்தான் இருந்தன, அதில் ஒன்று கழன்று விழுந்து அந்த இடத்தில் சோடா மூடியை ஒட்டியிருந்தோம். ஆறு குமிழும் எங்கே நின்றால் அந்தச் சத்தம் வரும்? நான் ஒழுங்கான மனிதன். அளவைக் குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து, கோணமானியைக் குமிழில் வைத்து, பாகை பாகையாகக் குறிக்கத் தொடங்கினேன். ஒரு குமிழுக்குப் பத்து நிலை என்று வைத்தாலும் மொத்தம் பத்து லட்சம் நிலை வருகிறது. நாளுக்கு இருபது நிலை பார்த்தால் முடிய நூற்று முப்பத்தாறு வருஷமும் பதினொரு மாதமும். எனக்கு இருந்தது ஏழு கிழமை. கணக்கை வினிபிரட்டிடம் காட்டினேன். "அப்ப கெதியாய்த் தொடங்குங்கோவன்" என்றார்.

ஆகவே குமிழ்களை விட்டுவிட்டு, சத்தத்தைக் கேட்டவரிடமே விசாரிக்கலாம் என்று முடிவு செய்தேன். "வினிபிரட், வடிவாய் யோசிச்சுச் சொல்லும். அண்டைக்கு அந்தச் சத்தம் எப்பிடி இருந்தது?" அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் துருவலையைப் பார்த்து நெடுநேரம் யோசித்து, "அது... பழுத்த சத்தம்" என்றார். என்ன நுட்பமான காது பாரும்! பழுத்தது என்றால் மிடில் என்று நான் உடனே விளங்கிக்கொண்டு மிடிலை ஏற்றினேன். வாசித்துவிட்டுக் குசினி வாசலில் போய் நின்று, "இதுவோ?" "இல்லையப்பா, உதில்லை. அது கொஞ்சம் நிழலாய் இருந்தது." நிழல் என்றால் ட்ரெபிளைக் குறைக்க வேண்டும். குறைத்தேன். "இப்ப?" "கிட்ட வந்திட்டியள். ஆனால் உதில்லை." மூன்றாம் நாள், "ஆவி பறக்கிற மாதிரி இருந்தது" என்றார். ஆவிக்கு எந்தக் குமிழ் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் "ஆவி" என்று எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

பேஸ் குமிழை முழுக்கத் திருகிப் பார்த்த கிழமை ஒன்று வந்தது. அந்தக் கிழமையை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன், ஏரம்பு அண்ணையும் மறக்கமாட்டார். கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் எங்கள் கலியாணத் தேத்தண்ணிச் செற் ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரு நூல் முன்னுக்கு நடந்து வந்தது. வினிபிரட் அலுமாரிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்துக் காவல் காத்தார். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்து வெளியே வர மறுத்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. நெஞ்செலும்பு அதிர்கிறது, மச்சான், அதை எழுத்தில் எழுத முடியாது! நான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஏரம்பு அண்ணை, தன் இறைக்கிற மிசினுக்குள் ஏதோ "டும் டும்" என்று இடிக்கிறதென்று நினைத்து நிறுத்தினார். அவர் நிறுத்தியபோது நானும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருந்தேன். சத்தம் நின்றுவிட்டது. மிசினைப் போட்டார், நானும் தொடங்கினேன், "டும் டும்". பெயரிங் போய்விட்டதென்று தீர்மானித்து, மிசினைக் கழற்றி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் பிரித்துப் பார்த்து ஒரு பிழையும் இல்லையென்று பூட்டிக் கொடுத்தார். திரும்பக் கொண்டுவந்து போட்டார், "டும் டும்". திரும்பவும் சுன்னாகம். மூன்றாம் தரம் மெக்கானிக், "ஐயா, மிசினுக்கு ஒண்டுமில்லை, நீங்கள் ஒருக்கால் நெஞ்சைக் காட்டுங்கோ" என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே நெஞ்சுப் படமும் எடுத்து, அதுவும் சுகம் என்று வந்த பிறகுதான், வேலிப் பொட்டுக்குள்ளால் என்னைக் கிற்றாரும் கையுமாகக் கண்டார். "சேவையர், உது நீங்களோ?" என்றார். நான் ஓம் என்றேன். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் இரண்டு கதியால் சாய்ந்துவிட்டது. "நான் சாகப்போறன் எண்டு எண்ணிப் பெட்டைக்குக் காணி உறுதியெல்லாம் எடுத்துக் குடுத்திட்டன்" என்றார்.

அன்றையிலிருந்து ஏரம்பு அண்ணை என் சங்கீத ஆலோசகர். பின்னேரம் நாலரைக்குத் தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். அவர் கோயில் திருவிழா ஒன்றுவிடாமல் முன்னுக்கு இருந்து தவில் கேட்டவர், எல்லாவற்றையும் தவிலில்தான் அளப்பார். "தொப்பிப் பக்கம் திறம், சேவையர். வலந்தலை காணாது" என்பார். அது என்னவென்று சிவதர்ஷனிடம் கேட்டேன். தவிலின் கட்டைக் குரல் பக்கம் சரி, கூரான பக்கம் போதாதாம். உமது அக்கா கூர் வேண்டாம் என்கிறார், இவர் கூர் வேண்டும் என்கிறார், நான் நடுவில் குமிழைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். சிவதர்ஷன் இவர்கள் இருவருக்கும் தீர்ப்புச் சொல்வதாக வந்து, போனில் ஏதோ கோடு ஓடும் ஒன்றைப் பார்த்துப் பார்த்து, பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடுவில் இருந்ததையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, "அங்கிள், இதுதான் இப்பத்தையான் செற்றிங்" என்றார். வாசித்தேன். குசினியிலிருந்து வினிபிரட் ஓடிவந்து, "பருத்தித்துறை பஸ் வீட்டுக்குள்ளை வந்திட்டுது எண்டு நினைச்சன்!" என்றார். சிவதர்ஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த பஸ்ஸுக்கு ஸ்பீக்கர் பூட்டியவரே அவர்தானாம்.

பிறகு யூரியூப்பில் ஒரு தாடிக்காரரைப் பிடித்தேன். பழைய பேஸ் சத்தம் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ட்ரெபிளைக் கொன்றுவிடு, மிடிலைக் கொஞ்சம் தூக்கு, பேஸைக் கண்டபடி ஏற்றாதே, கம்பிகள் போய் முடியுமிடத்தில் அவற்றுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பொஞ்ச் செருகு, சத்தம் நீளாமல் உருண்டு விழும் என்றார். வீட்டில் இருந்த ஒரே ஸ்பொஞ்ச் குசினித் தொட்டியடியில் இருந்தது. பாதியை வெட்டிச் செருகினேன். சத்தம் உண்மையிலேயே உருண்டது, மச்சான், புளியங்கொட்டை உருள்வதுபோல! ஆனால் வாசிக்கிற நேரமெல்லாம் முதல்நாள் சூடைமீன் குழம்பு மணத்தது. மூன்றாம் நாள் கிற்றாருக்குள்ளிருந்து எறும்பு வரிசையாக வந்து என் சுட்டுவிரலில் ஏறியது. மீதிப் பாதி ஸ்பொஞ்சுடன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உமது அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

தாடிக்காரர் இன்னொன்றும் சொன்னார். பழைய சத்தத்துக்குப் பழைய கம்பி வேண்டும், புதுக் கம்பி "பளீர்" என்று கத்தும், கைப்பிசுக்கு ஊறிய கம்பிதான் முணுமுணுக்கும். என்னுடைய பழைய கம்பிகள் துருவேறி அறுந்துவிட்டதால்தானே நீர் புதுக்கம்பியும் அனுப்பினீர். ஐம்பது வருஷப் பிசுக்கை ஏழு கிழமையில் எப்படி ஏற்றுவது? வினிபிரட் றோல்ஸ் பொரித்துத் தருவார், நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் வாசிப்பேன். ஏரம்பு அண்ணை சைவம், அவர் தன் பங்குக்கு வடையோடு வந்து, "இதையும் ஒருக்கால் பூசிப் பாருங்கோ சேவையர்" என்று கம்பியை நேராகவே வருடிவிட்டார். என் கொலஸ்ட்ரோல் ஏறிவிட்டது. டொக்டர், "என்ன சேவையர், எண்ணெயிலை குளிக்கிறியளோ?" என்று கேட்டார். இசைக்காக என்றேன். மாத்திரையைக் கூட்டி எழுதினார். ஆனால் கம்பி முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது!

இவ்வளவும் செய்து, குறிப்புப் புத்தகம் நாற்பத்தாறாம் பக்கம் வந்தும், வினிபிரட் "கிட்ட வந்திட்டியள், ஆனால் உதில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை, ஒருநாளும் பொய்க்கு ஓம் என்று சொல்லவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. இந்த மனுசி பொய் சொல்லத் தெரியாதவர், சத்தம் உண்மையிலேயே கிடைக்கவில்லை. போன ஞாயிறு சபைக் கோயிலில் பாட்டுப் படிக்கும்போது பாதியிலேயே புத்தகத்தை மூடிவிட்டேன். விரல்களும் முந்தியைப்போல் இல்லை, சின்னவிரல் காலையில் மடிய அரை மணித்தியாலம் எடுக்கிறது. இந்த வருஷம் விட்டால் அந்தச் சத்தத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு இன்னொரு தருணம் வராது. என்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தை ஒரு தரமாவது அவர் திரும்பக் கேட்க வேண்டாமா? வீட்டுக்கு வந்து கிற்றாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேக்கும் சோடாவும் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று முன்தினம் அது நடந்தது! உமக்குத் தெரியும், எங்கள் வீட்டில் சட்டை போடாத சாமான் கிடையாது. ரி.விக்குச் சட்டை, பிளெண்டருக்குச் சட்டை, கேஸ் சிலிண்டருக்குக் கரை வைத்த பாவாடை, ரிமோட்டுக்குக்கூட ஒரு பை. அம்பிளிபயரை நான் நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருந்ததால் இவ்வளவு நாளும் அது தப்பியிருந்தது. செவ்வாய்க்கிழமை வினிபிரட் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்து, "சபையார் எல்லாம் வாற நேரம் உது இப்பிடி உரிஞ்சாங்குண்டியாய் நிக்கிறதோ?" என்று சொல்லி, பழைய யன்னல் சீலையை இரண்டு மடிப்பாக மடித்து, உள்ளே ஒரு துவாயும் வைத்துத் தைத்து, சுருக்குக் கரையும் பிடித்து, தலையிலிருந்து கால்வரை போட்டுவிட்டார். எனக்கு அதைக் கழற்றச் சோம்பல். குமிழ்கள் எங்கே நின்றனவோ அங்கேயே விட்டு, சட்டைக்கு மேலாலேயே கார்னிவல் மெட்டை வாசித்தேன். கூர் எல்லாம் செத்து, சத்தம் ஒரு தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல், பழுத்து, நிழலாகி, ஏன் மச்சான், ஆவிகூடப் பறந்தது! குசினிச் சத்தம் நின்றது. வினிபிரட் கையெல்லாம் மாவோடு வாசலில் வந்து நின்று அலுமாரியை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "இஞ்சாருங்கோ, இதுதான்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், கிற்றாரில் கண்ணீர் விழுந்தது. அழுதுகொண்டிருக்கும்போதுதான் மூளையில் பளிச்சென்று வெட்டியது. எழுபத்து நாலில் எங்கள் பழைய அம்பிளிபயருக்கும் எங்கள் அம்மா சட்டை தைத்துப் போட்டிருந்தார்! கார்னிவல் தூசி உள்ளே போகும் என்று மேடையிலும் நாங்கள் அதைக் கழற்றவில்லை! ஊரில் ஒருவரும் எந்தச் சாமானின் சட்டையையும் கழற்றிப் பாவித்ததில்லை, பிறகு அம்பிளிபயரை மட்டும் கழற்றுவோமா? உலகம் முழுக்கப் பழைய பேஸ் சத்தத்தைத் தேடுகிறார்கள், குமிழைத் திருகுகிறார்கள், கம்பியில் எண்ணெய் பூசுகிறார்கள். இரகசியம் யன்னல் சீலையில் இருந்திருக்கிறது. தாடிக்காரருக்கு எழுதிப்போடலாம் என்று இருக்கிறேன். ஏரம்பு அண்ணைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன், அவர் என்னைக் கட்டிப்பிடித்து, "அப்ப இனி என்ரை மிசினுக்கும் ஒரு சட்டை தைப்பிப்பம்" என்றார்.

இனி நான் உம்மிடம் கேட்கும் உதவி. உமது அக்காவின் காதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஒரு துளியும் இல்லை. ஆனால் நான் அளவையாளன். ஒரு எல்லைக்கல் வைத்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துச் சரிபிடிக்காமல் எனக்கு நித்திரை வராது. அன்று வினிபிரட்டோடு கார்னிவலுக்கு வந்தவர் நீர், அப்போது உமக்குப் பதினைந்து வயது, கூரான காது. இந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, சிவதர்ஷனின் போனிலிருந்து உமது வட்ஸ்அப்புக்கு இன்றே அனுப்புகிறேன். காதுக்குள் வைத்து அமைதியாகக் கேட்டு, அன்று சாவகச்சேரியில் கேட்டது இதுதானா என்று, ஓம் அல்லது இல்லை என்று அவருடைய போனுக்கே எனக்கு மட்டும் எழுதும். அக்காவுக்குத் தெரிந்தால் தன் சொல்லை நம்பவில்லையென்று மனம் நொந்துபோவார். ஆனபடியால் இந்தக் கடிதத்தைச் சோற்றுப் பசை போட்டு இறுக்கி ஒட்டித்தான் அவரிடம் பொதிக்குள் வைக்கக் கொடுக்கிறேன்.

உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஆண்டவர் உம்மை உமது போகையிலும் வருகையிலும் காப்பாராக, விசேஷமாக அந்த வழுக்குகிற படிகளில். ஏரம்பு அண்ணை உமக்குத் தன் வணக்கத்தையும், கஜந்தினி கையில் ஒரு போத்தல் வெங்காய ஊறுகாயையும் அனுப்புகிறார்.

இப்படிக்கு, ஐம்பதாவது வருஷத்தில் மீண்டும் மாப்பிள்ளையாகும்,
உமது அன்பு அத்தான்
ஏர்னெஸ்ட்.

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுறன். அத்தான் பசை போட்டு இறுக்கித்தான் ஒட்டினவர். புட்டு அவியிற பானைக்கு மேலை ஒரு நிமிஷம் பிடிச்சன், தானாய் வாயைத் திறந்திட்டுது. அவர் ஏரம்பு அண்ணையோடை பந்தலுக்குக் கிடங்கு கிண்டப் போயிட்டார், வாறதுக்கிடையிலை எழுதி முடிக்கவேணும், அதாலை கதைக்கிற மாதிரியே எழுதுறன்.

நான் கார்னிவலுக்குப் போகேல்லை. உனக்குத்தான் தெரியுமே. அண்டைக்கு உனக்குக் கொப்பளிப்பான், உடம்பு முழுக்கப் பொக்களம். நீ சொறியாமல் இருக்க நான் விடிய விடிய உன்ரை ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். பொம்பிளை பார்க்க வந்தண்டைக்கு, "என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு, கூடக் கதையாதை" எண்டு அம்மா கதவடியிலை வைச்சுச் சொல்லி அனுப்பினவ. உந்த மனுசன் பேஸ் எண்டு ஏதோ கேட்டுது. பேஸ் எண்டால் மனுசரோ மாடோ எண்டுகூட எனக்குத் தெரியாது. ஓம் எண்டன். முகம் அப்பிடியே பூத்துப் போச்சு. அந்த முகத்தைப் பார்த்தாப் பிறகு ஆரால் இல்லையெண்டு சொல்ல ஏலும்? இன்னும் நம்பட்டும் எண்டு உன்னையும் இழுத்துவிட்டன். டொக்டர் வந்த நேரம் முழுக்கத் தன்ரை காரைப் பற்றித்தான் ஐயாவோடை கதைச்சவர். இவர்தான் என்ரை முகத்தைப் பார்த்து என்னட்டை ஒண்டு கேட்டவர். அதாலைதான் இவரைக் கேட்டன். வேறை ஒண்டுமில்லை.

ஏழு கிழமையாய் "இதுவோ, இதுவோ" எண்டு வாசலிலை வந்து நிக்கிறார். எது எண்டு எனக்குத் தெரிஞ்சால்தானே? பழுத்தது, நிழல், ஆவி எண்டு வாயிலை வந்ததைச் சொன்னன். இல்லை எண்டு சொன்னால் நாளைக்கும் வாசிப்பார், அதாலை இல்லை எண்டன். பென்சன் எடுத்தாப் பிறகு அந்த மனுசன் பேப்பருக்குப் பின்னாலை ஒளிச்சுக்கொண்டு இருந்தது, இப்ப வீடு முழுக்க ஓடித் திரியுது. சனிக்கிழமை கிட்ட வந்திட்டுது எண்டபடியால்தான், சட்டை போட்டண்டைக்கு என்ரை பீங்கான் ஒண்டும் ஆடேல்லை எண்டு பார்த்திட்டு, இதுதான் எண்டன். அவர் அழத் தொடங்கியிட்டார். நானும் குசினிக்குள்ளை போய் நிண்டு அழுதன்.

அவர் அனுப்பினதை நீ கேட்டாலும் சரி, கேளாட்டிலும் சரி, ஓம் எண்டு மட்டும் எழுது. கூடக் கதையாதை. மேடையிலை அவர் வாசிக்கிறதை நான் பார்க்கப்போறது இதுதான் முதல் தரம், தம்பி. முன் வரிசையிலை நடுக் கதிரை எனக்கு எண்டு பந்தல்காரரிட்டை இப்பவே சொல்லிப்போட்டன்.